ஒன்பதில் சனி

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முழங்கை வரை கையை நுழைத்து, நனைத்த பஞ்சால் அப்பாவின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலை அண்ணன் காலையிலேயே சுவரோடு ஒட்டி நகர்த்திப் போட்டிருந்தான். அப்படியும் தலையணை ஒரு சாண் தள்ளியே இருந்தது. பஞ்சு உதட்டின் ஒரு பக்கத்தைத் தொட்டது. மறுபக்கத்துக்குக் கை எட்டவில்லை.

"இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்கப்பா."

அவர் முயன்றார். தலை திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடிதான் சரிந்து ஒரு காதோரம் தொங்கியது.

சந்துக்குள் வந்த சைக்கிள்காரர் மணியடிக்காமல் இறங்கி, அவளை இடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இங்கே எல்லோருக்கும் பழகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும், "என்னம்மா, கதவு பூட்டியிருக்கா?" என்று ஒருமுறை கேட்பார்கள். கதவு நாலு எட்டு தள்ளித் திறந்தே கிடந்தது. அதன் வழியாக அவள் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் பிறந்த சில நாட்களில் அப்பாவும் அத்தையும் பெரிய ஜோசியரிடம் போனார்கள். பிற்பகலில் பிறந்த பிள்ளை, கடக லக்னம். லக்னத்திலிருந்து எண்ணி வந்தால் ஒன்பதாம் கட்டம் தகப்பனைக் காட்டும். கிரகங்களில் சூரியன் தகப்பனைக் காட்டும். அவள் ஜாதகத்தில் சூரியன் அந்த ஒன்பதாம் கட்டத்திலேயே இருந்தது. அதுவரை நல்லது. ஆனால் அதே கட்டத்தில் கூடவே சனியும் இருந்தது, சாவைச் சொல்லும் எட்டாம் இடத்துக்கு அதிபதியாக. ஜோசியர் பென்சிலால் அந்தக் கட்டத்தைத் தட்டி, "தகப்பனுக்குக் கண்டம்" என்றார்.

ஒரே கட்டத்தில் சேர்ந்திருப்பதுதானே கெடுதல், ஒரே கூரையின் கீழ் சேராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று அத்தை முடிவு கட்டினாள். பரிகாரம் அத்தையுடையது. ஜோசியரைக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தாய்மாமன் வீட்டில் குழந்தை வளர்ந்தது. அம்மா மத்தியானங்களில் அங்கே வந்து போவாள். அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் மாமா வீட்டு வாசலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "படிச்சியா?" என்று கேட்பார். "படிச்சேன்" என்பாள். சைக்கிள் போய்விடும்.

அத்தை கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவளுடைய பள்ளிச் சீருடைகள் எல்லாம் அத்தை தைத்தவைதான். அளவெடுக்க மாமா வீட்டுக்கே டேப்போடு வருவாள். வாய் நிறைய ஊசிகளைக் கடித்துக்கொண்டு, "வளர்ந்துட்டே போறியேடி, துணிக்கு எங்க போறது?" என்பாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். இன்னொரு ஆண்பிள்ளையை இழக்க அவள் தயாராக இல்லை.

பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோது மாமாதான் வழி கண்டுபிடித்தார். மண்டபத்துக்குள் வேண்டாம், பின்னாலிருந்த மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். "ஆகாசத்துக்கு யாரும்மா கூரை போட்டான்?" என்று அத்தையை மடக்கினார். நல்ல நேரத்தில் தூறல் பிடித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்தாளிகளும் மண்டபத்துக்குள் ஓட, அப்பா மட்டும் புதுச்சட்டையோடு மைதானத்தில் நனைந்துகொண்டு நின்றார். போட்டோவில் அவர் தூரத்தில், குடை இல்லாத ஆளாக இருப்பார்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். பெரிய கண்ணாடிக் கடையில் லென்ஸ் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவள். ஆனால் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் போன் செய்தால், நேற்று ஜன்னலில் எவ்வளவு நேரம் நின்றோம், படியில் கால் பட்டதா என்றுதான் முதலில் யோசிப்பாள். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை, பேய்மழைக்கு ஒதுங்க இந்த வீட்டுக்குள் ஓடி வந்திருக்கிறாள். கூடத்தில் நின்று தலையைக்கூடத் துவட்டவில்லை. அம்மா துண்டை எடுப்பதற்குள் வெளியே போய்விட்டாள். அந்த வாரம் துறைமுகத்தில் அப்பா ஓட்டிய கிரேன் இரும்புக்கயிறு அறுந்து குலுங்கியதில் அவருக்குத் தோள் எலும்பு உடைந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா இறந்த அன்றும், உடலை வெளியே கொண்டுவரும் வரை அவள் இதே சந்தில்தான் நின்றாள்.

"பாப்பா." அண்ணன் உள்ளேயிருந்து ஜன்னலுக்கு வந்தான். அறுபது வயதாகிவிட்ட அவனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். "மருந்துக்கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். டாக்டர் எழுதின அந்த வலி மருந்து தீர்ந்துபோச்சு. பார்த்துக்கோ."

"நான் வெளியேர்ந்து என்னத்தைப் பார்க்குறது?"

"பார்க்குறதுக்குத்தானே ஜன்னல்" என்றான். சிரிக்க முயன்று, முடியாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கோத்திருந்த நீரை இரண்டு தடவை எடுத்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் அவள் ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் கூரை ஒன்றுதானே என்று அத்தை சொல்லியிருந்தாள்.

அப்பா கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். சரிந்த கண்ணாடிக்குள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்வை அலைந்தது.

"நிக்காத" என்றார்.

"கால் வலிக்கலப்பா."

"நிக்காதன்னேன். உள்ள வா."

அவள் கை கம்பிகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. கூடத்திலிருந்து அத்தையின் நிழல் முதலில் வந்தது, பிறகு அத்தை. கையில் போன். காது மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டு, தட்டு மாதிரி ஏந்திப் பிடித்திருப்பாள்.

"என்னண்ணே வேணும்? தண்ணியா?"

"அவளை வரச் சொல்லு."

"வருவா, வருவா. இன்னும் சில வாரம்தான், அவளுக்குச் சனி தசை முடிஞ்சுடும். அப்புறம் அவளே தலைமாட்டுல உட்கார்ந்து பார்த்துக்கட்டும்."

"அதுவரைக்கும் இருப்பாரா அத்தை?" என்று ஜன்னலுக்கு வெளியேயிருந்து கேட்டாள்.

"இருக்கணும்னுதானேடி சொல்றேன்!" அத்தையின் குரல் உடைந்தது. "இவ்வளவு நாள் பொறுத்துட்டு, கரை சேர்ற நேரத்துல கெடுத்துக்கணுமா? இரு, ஜோசியரம்மாவுக்கு ஜாதகம் அனுப்பியிருக்கேன், கேட்டுடறேன். அவங்க சரின்னா எனக்கென்ன வந்தது?"

பெரிய ஜோசியர் காலமாகி நாளாகிவிட்டது. அவருடைய மகள்தான் இப்போது பார்க்கிறார், கம்ப்யூட்டரில். அத்தை கூடத்துக்குப் போய் எண்ணை அழுத்தினாள். 'நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று போன் வீடு முழுக்கச் சொன்னது. அத்தை மறுபடி அழுத்தினாள். போன் மறுபடி அதையே சொன்னது.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, "இவ எப்பவும் இப்படித்தான்" என்றார். பிறகு, "நீ வா" என்றார்.

அவள் கம்பிகளிலிருந்து கையை எடுத்தாள். வாசல் வரை வந்து நின்றாள். இப்போது உள்ளே போய், இன்றைக்கே ஏதாவது ஆகிவிட்டால், கடைசி வரை அது அவள் கணக்கில்தான் இருக்கும். அத்தை சொல்ல மாட்டாள். அண்ணன் நினைக்கக்கூட மாட்டான். அவளுக்குத் தெரியும், அவளே சொல்லிக்கொள்வாள். லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும்போது, பஸ்ஸில், பல் துலக்கும்போது. உள்ளே போகாமல் அவர் போய்விட்டால்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் அதில் அவர் கூப்பிட்ட குரலும் சேர்ந்திருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அத்தை முதுகைக் காட்டி நின்று நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் நடந்துபோனது காதில் விழவில்லை.

அறை, வெளியேயிருந்து பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஜன்னலிலிருந்து தெரியாத சுவரில் ஒரு காலண்டரும், கிரேனுக்கு முன்னால் இளைஞர்கள் கூட்டமாக நிற்கும் படமும் மாட்டியிருந்தன. கட்டிலின் மறுபக்கம் ஒரு முக்காலி. உட்கார்ந்தாள். அப்பாவின் முகம் இவ்வளவு பக்கத்தில் வந்து அவள் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் பயந்துட்டேன்" என்றார்.

"எதுக்குப்பா? ஆஸ்பத்திரியிலயா?"

"உனக்குத்தான். உன்னைப் பார்த்துதான் பயந்தேன். அத்தை சொன்னா, நான் கேட்டுக்கிட்டேன்னு நினைச்சுக்காத. அவளைச் சொல்லவிட்டதே நான்தான்." நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மேல கேபின்ல உட்கார்ந்திருப்பேன். காத்துல ஆடும். கீழ மனுஷனெல்லாம் எறும்பு. ஒண்ணும் தோணாது. சாயங்காலம் உன் மாமா வீட்டுக்கிட்ட வந்தா கால் நடுங்கும்."

அவர் கையைத் தொடலாமா என்று யோசித்து, போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"இப்ப பயமில்லையாப்பா?"

"இனிமே நீ என்னை என்ன பண்ணிட முடியும்?" என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. அவள் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தாள். இருமல் அடங்கியபோது அவர் கண்களில் நீர் வந்திருந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"எவ்வளவு கனம்" என்றார், தன் தலையைப் பற்றி.

"உங்க தலைக்கனம் ஊரறிஞ்சதாச்சே."

"யாரு சொன்னா?"

"மாமாதான்."

"அவன் கிடக்குறான்."

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். அவள் செய்து கொடுத்ததுதான். அப்பா போடும் கண்ணாடிகளெல்லாம் அவள் கடையிலிருந்து போனவை. கண்ணாடிக்கு நம்பர் மட்டும் போதாது. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் வேண்டும். அதை எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக அளவுகோலைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து போனில் சொல்வான். ஒவ்வொரு தடவையும் வேறு அளவு சொல்வான். அவள் உத்தேசமாக ஒன்றை எடுத்துக்கொள்வாள். தெரியாத வாடிக்கையாளருக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

பையிலிருந்து கடை அளவுகோலை எடுத்தாள். "நேரா என்னைப் பாருங்க."

அவர் பார்த்தார். அளந்தாள். அவள் போட்டதைவிட அதிகமாக இருந்தது. நன்றாகவே அதிகம்.

"அப்பா, இதைப் போட்டா தலை வலிச்சுதா?"

"வலிக்கும்."

"சொல்லக் கூடாதா?"

"நீ போட்டதாச்சேன்னு போட்டுக்கிட்டேன்." பிறகு, "புதுசு பண்ணப் போறியா?" என்றார்.

"ஆமா."

"பில்லு?"

"அண்ணன் பேர்ல."

"அப்ப சரி. நல்லதாவே போடு" என்று சொல்லி, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கண்ணாடியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மூக்கின் மேல் உட்காரும் சின்னத் தகடுகளை நகத்தால் நெம்பி அகட்டினாள். ஒரு பக்கக் காம்பு வளைந்திருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, உடைந்துவிடாமல் நிமிர்த்தினாள். கை பழகிய வேலை. கூடத்தில் போன் 'வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. குனிந்து, கண்ணாடியை அவர் காதுகளில் மாட்டி, விலகி நின்று பார்த்தாள். ஒரு சாய்வும் இல்லை.

"இப்ப சரியா இருக்காப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தாள். பிறகு, இந்த அறைக்குள் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம் இப்போது கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள். மூக்கருகே புறங்கையை வைத்தாள். கழுத்தில் விரலை வைத்தாள்.

முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அப்பாவுக்காக அல்ல. பயம் வரும் என்று காத்திருந்தாள். எத்தனையோ வருஷங்களாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பயம். அது வரவில்லை. எது நடந்துவிடக் கூடாது என்று இத்தனை காலம் எட்ட நின்றாளோ அது நடந்துவிட்டது, இவ்வளவு சாதாரணமாக, அவள் கைக்கெட்டும் தூரத்தில். தோள்கள் தாமாகக் கீழே இறங்கின. ஒரு நீண்ட மூச்சு வந்தது. அதில் ஓரளவு வெட்கமும் இருந்தது.

வாசலில் அண்ணன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அங்கே ஏற்கெனவே கிடந்த செருப்புகளை அவன் பார்த்திருக்க வேண்டும். மருந்துப் பையோடு வேகமாக உள்ளே வந்தான். அவளைப் பார்த்தான், பிறகு கட்டிலைப் பார்த்தான். பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லண்ணே. சிரிச்சாரு."

"சிரிச்சாரா?" என்று கேட்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்கிட்ட ஒருநாளும் சிரிச்சதில்லையே அந்த மனுஷன்."

அதற்குள் அத்தை நிலைப்படிக்கு வந்துவிட்டாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் பார்வை அப்பாவின் முகத்திலிருந்து மெல்ல நகர்ந்து, முக்காலிக்குக் கீழே, தரையில் பதிந்திருந்த மருமகளின் வெறுங்கால்களில் வந்து நின்றது.

"நீ எப்படி உள்ள வந்த?"

"அப்பா கூப்பிட்டாரு அத்தை."

"வந்த உடனேயா?"

"அத்தை, இப்ப இதுவா கேள்வி?" என்றான் அண்ணன்.

அத்தையின் கையிலிருந்த போன் அலறியது. ஜோசியரம்மா திரும்பக் கூப்பிட்டிருந்தார். அத்தை அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துவிட்டு, பழக்கத்தில் அழுத்திவிட்டாள்.

"அம்மா, ரொம்ப நேரமா கூப்பிட்டிருக்கீங்க போல. லைன்ல இருந்தேன். அந்தப் பொண்ணு ஜாதகம் அனுப்பியிருந்தீங்களே, இப்பதான் திறந்து பார்க்கறேன். என்ன கேள்வி?"

"தகப்பனுக்கு ஆகாத ஜாதகம்மா" என்றாள் அத்தை. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒன்பதில் சனி. உங்கப்பா சொன்னதுதான். இன்னைக்கு அவ உள்ள வந்தா. எங்கண்ணன் போயிட்டாரு."

"அடடா. இப்பவா? என்ன வயசும்மா அவருக்கு?"

"எண்பத்திரண்டு."

"எண்பத்திரண்டா?" அந்தக் குரலில் ஆச்சரியம் இருந்தது. "ஒன்பதில் சனி இருக்கு, சரி. அந்த ஒன்பதாம் இடத்துக்கு அதிபதி குரு எங்க இருக்காரு, பார்த்தீங்களா? லக்னத்துலயே உச்சமா உட்கார்ந்து, அங்கிருந்து ஒன்பதாம் பார்வையா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கிட்டிருக்காரு. இந்தப் பிள்ளையால தகப்பனுக்கு ஆயுசு கெட்டின்னுதானே பலன் சொல்லணும்? எங்கப்பா இதைச் சொல்லாம விட மாட்டாரே. சனியைச் சொல்லிட்டுத்தான் குருவுக்கு வருவாரு, அது அவர் பழக்கம். முழுசா உட்கார்ந்து கேட்டீங்களா நீங்க?"

அத்தை போனை மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அது, "ஹலோ, அம்மா, ஹலோ" என்றது. பிறகு ஓய்ந்தது.

"கண்டம்னு சொன்னதும் உங்கப்பா எழுந்து வெளிய போயிட்டாரு" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல். "மூஞ்சி வெளிறிப்போச்சு. எங்கயாவது விழுந்துடப் போறாருன்னு நானும் பின்னாடியே ஓடினேன். ஜோசியர் ஏதோ சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

சந்தில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரலாம், நாளைக்கோ அடுத்த மாதமோ கடையில் உட்கார்ந்திருக்கும்போது வரும். இப்போது அத்தையின் நரைத்த தலை நிலைப்படியில் சாய்ந்திருப்பதைப் பார்த்தபோது, ஓட்டப் பந்தயத்தில் தனியாகவே ஓடிக் களைத்த ஒருத்தியைப் போலத்தான் தெரிந்தாள்.

அத்தை திடீரென்று தலையை நிமிர்த்தினாள். "தள்ளி வெச்சதாலதானேடி எண்பத்திரண்டு வரைக்கும் இருந்தாரு?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள். பதிலுக்கு அவள் முகத்தையே பார்த்தாள்.

அவளுக்கு ஒரு பதில் இருந்தது. ஒன்றல்ல, பல பதில்கள்.

"இருக்கும் அத்தை" என்றாள்.

அப்போதுதான் அத்தை அழ ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அப்பாவோடு வேலை செய்தவர்கள் சிலர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் போனும் கையுமாக வாசலில் நின்றான். சந்துக்காரர்கள் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார இடமில்லாமல் நின்றவர்களில் ஒருவர், "பொண்ணு எங்க? வெளிய காணோமே?" என்று வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "உள்ளதான் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதால் சமையலறைக்குப் போனாள். அந்த வீட்டின் சமையலறையை அவள் பார்த்ததே இல்லை. விளக்கைப் போடப்போய் மின்விசிறி சுழன்றது. அடுத்ததை அழுத்தினாள், பின்கட்டில் எங்கோ விளக்கு எரிந்தது. மூன்றாவதில் வெளிச்சம் வந்தது. அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை வைத்தாள். டீத்தூள் கண்ணெதிரிலேயே கிடைத்தது. சர்க்கரை மட்டும் கிடைக்கவில்லை. அலமாரியில் ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அத்தையின் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. சர்க்கரை என்று ஒட்டியிருந்ததைத் திறந்தாள், உள்ளே பருப்பு.

கூடத்திலிருந்து, அழுது கட்டிப்போன குரலில், அத்தை கூப்பிட்டுச் சொன்னாள்.

"மேல்தட்டுல இடது பக்கம் பாருடி. ஒட்டினதைப் படிக்காத, பழைய பேரெல்லாம் அப்படியே கிடக்குது."

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. அவள் எக்கி, இடது பக்கத்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.